வீட்டு உறுதியை ஈடு வைத்துப் பேக்கரிக்கு சோலார் போடலாமா?

ஹட்டனுக்குப் பக்கத்து டவுன் ஒன்றில் பேக்கரி நடத்தும் 36 வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா ஆரம்பித்த பேக்கரி, விறகுப் போறணை. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் இரண்டு சூன் பாண் ஓட்டோக்கள் தோட்டங்களுக்குப் போகின்றன, பதினான்கு கடைகளுக்கும் போடுகிறார்கள். பணிஸ் வகைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 300 பாண் கணக்குக்கு மா குழைக்கிறார்கள். மாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 20,000 ரூபா. மாதத்துக்கு விறகு 110,000, கரண்ட் பில் 38,000, வியாபாரம் 18 லட்சம். கடைகளிலும் ஓட்டோவிலும் மிஞ்சி தினமும் 35 பாண் அளவு திரும்பி வந்து மாட்டுக்குப் போகிறது. கடன் கொப்பியில் 7 லட்சம் நிற்கிறது, அதில் பாதி நான்கு கடைகளிடம்.

கொழும்பில் ஐடி வேலை செய்யும் தம்பி, "இனி டிஜிட்டலும் பசுமையும் இல்லாமல் சின்ன வியாபாரம் நிற்காது" என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறார். 20 கிலோவோட் சோலார், விறகுப் போறணைக்குப் பதிலாக மின் போறணை, பில் மெஷின், ஓடர் எடுக்க ஓர் ஆப். எல்லாம் சேர்த்து 60 லட்சம் வங்கிக் கடன், ஈடு அக்காவின் பெயரில் உள்ள வீடு. சோலார் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி, "பில் பூச்சியம், மூன்றரை வருடத்துக்குள் போட்ட காசு திரும்பும், கரண்ட் போனாலும் உங்கள் போறணை ஓடும்" என்றாராம். பேக்கரிக் கட்டடமோ வாடகை, ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "2021இல் பசுமை என்று சொல்லித்தான் உரத்தை நிறுத்தினார்கள், நுவரெலியாவில் மரக்கறி போட்ட என் மச்சான் பட்ட பாடு போதும்" என்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கரண்டும் சிக்னலும் இல்லாத நாட்களில் கொப்பிதான் கைகொடுத்தது என்பது அவர் கட்சி. இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் புகை வருகிறது என்று நகர சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். "கடனை எடுக்கவா, விடவா?" இதுதான் சகோதரியின் கேள்வி. போகிற போக்கில், கியூஆர் வைத்துக் காசு வாங்கினால் வரி வந்துவிடுமே என்றும், கடன் தராதவர்களின் பெயரை வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, இந்தக் கடனை இப்போது எடுக்காதீர்கள். ஆனால் தம்பி சொல்வதை முழுக்கத் தள்ளியும் விடாதீர்கள். அவருடைய திட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம், திரும்பி வரும் அந்த 35 பாண். 300இல் 35 என்றால் மாவில் மட்டும் நாளைக்கு 2,300 ரூபாவுக்கு மேல், மாதத்தில் ஏறத்தாழ 70,000. விறகில் அதன் பங்கு இன்னும் 13,000 அளவில் வரும். ஈஸ்ட், சீனி, மாஜரின், இராத்திரி முழுக்க நின்றவர்களின் கூலி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் மொத்தக் கரண்ட் பில்லே 38,000தான். அந்த 35ஐப் பாதியாக்கினால் மாதம் 40,000 ரூபா மிஞ்சும், பில் பூச்சியமானதை விடக் கூட. இதற்கு ஈடும் வேண்டாம், பெனலும் வேண்டாம். மாட்டுக்குப் போகிற பாணைச் சுடாமல் விடுவதை விடப் பெரிய பசுமை வேலை உங்கள் பேக்கரியில் எனக்குத் தெரியவில்லை.

முழுக்கப் பூச்சியமாக்கவும் பார்க்காதீர்கள். ஒன்றுமே திரும்பாத நாள் என்றால் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைத் தட்டு காலி என்று அர்த்தம். அந்த இடத்தில் மற்றப் பேக்கரிக்காரர் நுழைந்துவிடுவார்.

இதற்குத் தேவையான டிஜிட்டல், தம்பியின் லப்டொப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கூகுள் ஷீட். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஓட்டோவுக்கும் ஒரு வரி: போனது எத்தனை, திரும்பியது எத்தனை, மழையா வெயிலா, சம்பளம் போட்டு எத்தனையாவது நாள். தோட்டங்களில் பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் விழுந்ததும் கிம்புலா பணிஸும் கேக்கும் ஓடும், மாதத் தொடக்கத்தில் வெறும் பாண்தான் ஓடும் என்பது உங்கள் ஓட்டோ சாரதிக்குத் தெரிந்திருக்கும். மா குழைப்பவருக்கு அது தெரியாமல் இருப்பதுதான் இழப்பு. கடைக்காரர்கள் நாளைக்கு எத்தனை வேண்டும் என்பதை மா குழைக்கத் தொடங்குவதற்கு முன்னால் வட்ஸ்அப்பில் போடட்டும். இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். ஆப் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஷீட் சொல்லும். என் அனுபவத்தில், ஷீட்டை ஒழுங்காக நிரப்பாத கடை ஆப்பையும் நிரப்பாது.

அப்பாவின் பயத்துக்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. வாரம் ஒரு முறை ஷீட்டை அச்செடுத்துக் கொப்பிக்குள் வையுங்கள். புயல் வந்து சிக்னல் கோபுரம் விழுந்தால் கொப்பி இருக்கும், கொப்பி நனைந்தால் ஷீட் இருக்கும். 2021 விஷயத்திலும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் தேயிலைக்காரரும் மரக்கறிக்காரரும் அடிபட்டுப் போனார்கள். ஒரு பாத்தியில் செய்துபார்க்காமல் நாடு முழுக்கச் செய்தது அது. தம்பியின் 60 லட்சத் திட்டத்திலும் எனக்கு அதே வாடை அடிக்கிறது.

சோலார்: பெனலில் குறையில்லை, கணக்கில்தான்

மூன்றரை வருடம் எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். விறகு 110,000, கரண்ட் 38,000, கூட்டினால் 148,000. 60 லட்சத்தை அதால் பிரித்தால் நாற்பது மாதம் சொச்சம். அதாவது மின் போறணை ஒரு அலகு கரண்ட்கூடக் குடிக்காது, வங்கி ஒரு சதம்கூட வட்டி கேட்காது என்று வைத்துக்கொண்டால் அவர் சொன்னது சரி. வட்டி 12 வீதம் என்று வைத்து 7 வருடத்துக்குப் பிரித்தால் தவணையே மாதம் 106,000 ரூபா வருகிறது.

இன்னொன்று, கரண்ட் கட்டணம் ஒரே திசையில் போவதில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2024இல் இரண்டு முறை இறங்கியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் கூடியது. கூரை சோலாரில் இருந்து கரண்ட் வாங்கிக்கொள்ளத் தரும் விலையும் அப்படித்தான். 2016இல் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50 என்றார்கள். அதன் பிறகு விலை ஏறியும் இறங்கியும் பல முறை மாறிவிட்டது. உங்களுக்குக் காட்டிய கணக்கில் எந்தத் திகதியின் விலை இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் இரவில் பாவிப்பதைப் பகலில் பெனல் தருவதோடு கழித்துக்கொள்ள முடியுமா என்பதும் எந்தத் திட்டத்தில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"கரண்ட் போனாலும் ஓடும்" என்பது சாதாரண இணைப்புக்குப் பொருந்தாது. பெனல் தரும் கரண்டை நாம் பாவிக்கும் வகைக்கு மாற்றும் கருவிதான் இன்வேட்டர். பிரதான லைனோடு இணைந்த இன்வேட்டர், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. பற்றரி இருந்தால்தான் ஓடும், அது வேறு விலை. நள்ளிரவில் போறணையைச் சூடாக்கும் உங்களுக்குப் பெனல் மட்டும் இருந்து பயனில்லை. லைன் நன்றாக இருக்கும்போதும் சிக்கல் வரலாம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால், கூரை சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது.

20 கிலோவோட் என்ற அளவையும் சந்தேகியுங்கள். நல்ல வெயில் இடத்தில் ஒரு கிலோவோட்டுக்கு மாதம் 100 முதல் 120 அலகு என்பது பொதுவான கணக்கு. ஹட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் தாண்டினாலும் கூரை உங்களுடையது இல்லையே! மின்சாரம் விற்கும் ஒப்பந்தம் 20 வருடம், உங்கள் வாடகை ஒப்பந்தம் 3 வருடம். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. கட்டடச் சொந்தக்காரர் பெயரில் என்றால் சோலார் ஒப்பந்தமும் அவர் கையெழுத்தில்தான் போகும். உங்கள் கடன், அவர் வருமானம்.

மின் போறணை நல்ல யோசனைதான், புகையும் இல்லை. ஆனால் ஒப்பந்தக் கொள்ளளவு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த மின் அளவு, 42 கேவிஏயைத் தாண்டினால் கட்டண வகுப்பே மாறும். அங்கே அலகுக் கட்டணத்தோடு உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே நேரத்தில் ஆகக் கூடுதலாக இழுத்த மின் அளவுக்கும், தனிக் கட்டணம் உண்டு. நேரத்துக்கு ஏற்பவும் விலை மாறும்: மாலை 6.30 முதல் 10.30 வரை மிகக் கூட, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைவு. இரவு வேலை செய்யும் பேக்கரிக்கு அது சாதகமாகவும் அமையலாம். போறணை விற்பவரிடம் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை அலகு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, மின் கட்டணத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வீட்டை எடுக்க வங்கி வழக்குப் போட வேண்டியதில்லை

"வழக்குப் போட்டுத்தானே எடுப்பார்கள், வருடக்கணக்கில் இழுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஈடு வைத்த சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். ஊரில் பராட்டே என்று சொல்வது இதைத்தான். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சிறு, நடுத்தர வியாபாரிகள் குரல் எழுப்பியதால் 2024இல் தற்காலிகமாக நிறுத்திவைத்து, 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அந்தச் சலுகைக் காலத்தில் பக்கத்துக் கடைக்காரர் தப்பியதைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டிருக்கலாம்.

கடனின் முதல் தொகை 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வங்கி இந்தக் குறுக்கு வழியில் போக முடியாது, நீதிமன்றம்தான் போக வேண்டும். உங்கள் 60 லட்சம் அந்த எல்லையைத் தாண்டியே நிற்கிறது. அதற்காக 49 லட்சம் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கில் தோற்றாலும் வீடு வீடுதான். எந்தத் தொகைக்கும் ஈட்டு உறுதியில் கையெழுத்திடும் முன், வங்கியின் சட்டத்தரணியிடம் போகாமல் உங்கள் சொந்தச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

மலையகத்தில் சொந்தப் பெயரில் உறுதி வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை? லயத்திலும் தோட்டக் காணியிலும் தலைமுறையாக இருந்தும் ஒரு பேர்ச் நிலத்துக்குக்கூடக் கடதாசி இல்லாதவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். அப்பா அந்த உறுதியை வாங்க என்ன பாடுபட்டார் என்று அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். அவருடைய எதிர்ப்பின் வேர் அங்கேயும் இருக்கலாம்.

கொப்பியில் நிற்கும் 7 லட்சம்

கடையில் கொடுத்த சாமானுக்கும் கொப்பிக் கடனுக்கும் கடன் விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். இன்றைக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. வருடக்கணக்கில் "தருகிறேன் தருகிறேன்" என்று இழுத்துவிட்டுக் கடைசியில் கைவிரிக்கும் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும். கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது ஒரு பகுதியைக் கட்டினால், அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கும்.

ஆகவே அந்த நான்கு கடைகளுக்கும் மாதக் கடைசியில் தனித்தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணே, 31ஆம் திகதி வரை பாக்கி 84,250 ரூபா. சரி என்றால் ஒரு பதில் போடுங்கள்." அவர் "சரி தங்கச்சி" என்று போட்டால் அதை அழிக்காமல் வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ள முடியாது. பாணுக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லைதான். ஆனால் தொகை மாதாமாதம் கண் முன்னால் வந்து நிற்பதே பாதிக் கடனை வசூலித்துத் தரும்.

வட்ஸ்அப் குரூப்பில் பெயர் போடும் யோசனையை அடியோடு விடுங்கள். லய இலக்கம், தொலைபேசி இலக்கம், யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே கொண்டுவரப்பட்டது. சட்டத்தை விடுங்கள், ஒரு குடும்பத்தை ஊர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்த லயம் முழுக்க உங்கள் ஓட்டோவை நிறுத்தாமல் அனுப்பும்.

கியூஆர் வைப்பதால் வரி பிறப்பதில்லை. வரி வருமானத்துக்கு, காசு எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான். மாதம் 18 லட்சம் என்றால் வருடத்துக்கு 216 லட்சம். வற் எனும் பெறுமதி சேர் வரிக்கான பதிவு எல்லை 2024 ஜனவரியில் வருடத்துக்கு 6 கோடி ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 லட்சமாக இறக்க முன்மொழிந்தார்கள். அந்த எல்லைக்கும் நீங்கள் கீழேதான். வருமான வரி தனி விஷயம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடம் 18 லட்சம் வரை விலக்கு. உங்கள் இலாபம் அதைத் தாண்டுகிறதா என்று உங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. வங்கிக்கு நாளை கடன் கேட்டுப் போனாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

விறகும் புகையும்

புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதி அளவு தண்ணீர். அதை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள், பிறகு அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இன்னொரு கட்டை எரிக்கிறீர்கள். ஈர விறகுதான் கூடப் புகையும். நம் பக்கத்துக் குளிருக்கும் தூறலுக்கும் விறகு இலேசில் காயாது. தகரக் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, நிலத்தில் படாமல் அடுக்கி, மழைக்காலத்துக்குத் தேவையானதை ஜனவரி, பெப்ரவரியிலேயே வாங்கி வையுங்கள். போறணைக் கதவு ஓரத்தில் நெருப்பு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடைவெளியால் காசு போகிறது, மேசனை அழைத்துப் பூசுங்கள். முதலில் பாண், சூடு இறங்கும்போது பணிஸ், கடைசியில் ரஸ்க் என்று ஒரே சூட்டை மூன்று முறை பாவிக்க போறணையில் நிற்கும் உங்கள் பழைய பாஸுக்குத் தெரியும். இடையில் அந்த ஒழுங்கு விட்டுப்போயிருந்தால் மீண்டும் கொண்டுவாருங்கள். கடைக்குப் போய்த் திரும்பிய பாணை மட்டும் ரஸ்க் ஆக்கிவிடாதீர்கள்.

புகை முறைப்பாட்டைச் சும்மா விடாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பட்டியலிட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். தொழிலின் வகையையும் அளவையும் பொறுத்துப் பிரிவு மாறும். உங்கள் பேக்கரி எதில் வருகிறது என்று நகர சபையில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் புகைபோக்கியை உயர்த்தப் போகிறேன் என்று முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

தம்பி எழுதச் சொன்ன "100 வீத இயற்கை பேக்கரி" பலகை வேண்டாம். நிரூபிக்க முடியாததை விளம்பரத்தில் எழுதினால் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் பாயலாம். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர் நல்ல பணிஸுக்காகத்தான் நிற்பார். பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். 2025 நவம்பர் 1 முதல் கடைப் பைக்குக் காசு வாங்க வேண்டும், விலையையும் காட்ட வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஷீட்டைத் தொடங்குங்கள். விறகுக் கொட்டிலுக்கும் கதவுப் பூச்சுக்கும் புகைபோக்கிக்கும் ஆகும் செலவைக் கொப்பிக் கடனில் வசூலாகும் காசிலிருந்தே பாருங்கள். கட்டடச் சொந்தக்காரரிடம் வாடகை ஒப்பந்தத்தைப் பத்து வருடத்துக்காவது நீட்டுவாரா, கூரையில் பெனல் போட எழுத்தில் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். சம்மதித்தால், 20 கிலோவோட்டை மறந்து, உங்கள் பில்லில் உள்ள அலகுக்கு ஏற்ற சிறிய அளவுக்கு வீட்டை ஈடு வைக்காமல் கடன் கிடைக்குமா என்று இரண்டு வங்கிகளில் விசாரியுங்கள். சோலார் பிரதிநிதியிடம் இன்றைய கொள்வனவு விலை, மாதவாரியாக உங்கள் ஊரில் எதிர்பார்க்கும் அலகு, கரண்ட் போனால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் கம்பனியின் கடிதத் தலைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதமும் மூன்று மாத ஷீட்டும் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். மின் போறணைக் கணக்கை அப்போது சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.